மோரிஸ் மைனர் 1098 சிசி: எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட பிறகு எஞ்சின் மிஸ் அடிக்கிறது, உதவி தேவை

கேள்வி (ஜார்ஜ்டவுன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் 1000 காரில் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டு, நேர்முனை எர்த்தாக (பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்ததாக) இருந்த வயரிங்கை எதிர்முனை எர்த்தாக மாற்றி, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி கிளப்பும் பாயிண்டுக்குப் பதிலாக இரண்டு வயர் உள்ள எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்றைப் பட்டறையில் பொருத்திக் கொடுத்தார்கள். கூடவே "ஸ்போர்ட்ஸ் காயில்" என்று சொல்லிப் புதிய காயிலும் போட்டார்கள். காலையில் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் நெரிசலில் ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தி ஊர்ந்து போகும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி இழுக்கிறது. அது தவிர, நன்றாகச் சூடான பிறகு ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவுக்கு ஏறினால், மிதிக்க மிதிக்க மிஸ் அடிக்கிறது (எஞ்சின் விட்டு விட்டு எரிந்து தடுமாறுகிறது). அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மேட்டில் மறுபடியும் சரியாக ஏறுகிறது. பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் இரண்டும் புதியவை. கார்புரேட்டரையும் கழுவியாகிவிட்டது. மாட்யூலையே மாற்றிவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி (பட்டர்வொர்த்)

தம்பி, நான் பல காலம் போமனாக (மெக்கானிக்காக) வேலை பார்த்தவன். மாட்யூலுக்குக் காசு கொடுப்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒன்றாகக் கலந்து கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தும்போதுதான் கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் (உறிஞ்சும் விசை) டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளேட்டை இழுத்து நகர்த்தும். முழுதாக மிதித்தால் வேக்குவம் குறைந்து பிளேட் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் ஊர்ந்து போகையில் வரும் குலுக்கலுக்கும், மேட்டில் மிதிக்கும்போது வரும் மிஸ்ஸுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது.

முதலாவதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, வண்டி ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) முன்னேறுவதால் எஞ்சின் வேகம் சற்றுக் கூட வேண்டும். அதற்கு மாறாக உடனே தடுமாறினால், அசையும் பிளேட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் சிறிய எர்த் வயரைப் பாருங்கள். உங்கள் மாட்யூலுக்குத் தனி எர்த் வயர் கிடையாது. அந்தப் பிளேட் வழியாகத்தான் அதற்கு எர்த் கிடைக்கிறது. வயரின் மேலுறை முழுதாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே இழைகள் அறுந்து, பிளேட் நகரும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகும். சிறு இடுக்கியால் மெல்ல இழுத்தால், அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர் பாண்டைப் போல நீளும்.

இரண்டாவதற்கு, வயரில் தீப்பொறி போகும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட்டின் கிளிப்பை முதலில் காயிலிலிருந்து கேப்புக்கு வரும் நடு வயரில் மாட்டி, வண்டியைச் சூடேற்றி, மிஸ் அடிக்கும் நேரத்தில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். அங்கேயே விட்டு விட்டு மின்னினால் கோளாறு காயில், மாட்யூல், சாவி ஸ்விட்ச், எர்த் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது. நடு வயரில் ஒழுங்காக மின்னி, ஏதாவது ஒரு பிளக் வயரில் மட்டும் தவறினால் ரோட்டர் (கேப்புக்குள் சுழன்று தீப்பொறியைப் பிரிக்கும் துண்டு), கேப், பிளக் வயர் என்று தேடுங்கள். இரண்டிலும் தவறாமல் மின்னிக்கொண்டே மிஸ் அடித்தால் பெட்ரோல் பக்கம் போகலாம்.

மறுமொழி (கோலாலம்பூர், செத்தாப்பாக்)

ஐயா சொன்னதோடு காயிலையும் அளந்து பாருங்கள். இரண்டு மெல்லிய வயர்களையும் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கு இடையே ஓம் அளக்க வேண்டும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டர்கள் அப்படித் தொட்டாலே 0.3 ஓம் வரை காட்டும், இவ்வளவு சிறிய தடையை அளக்கும்போது அது பெரிய பிழை. மோரிஸ் மைனருக்குப் பொதுவாகப் போடுவது ஏறத்தாழ 3 ஓம் காயில். 1.5 ஓம் காயில் என்பது பாலாஸ்ட் தடையோடு (மின்னோட்டத்தைக் குறைக்க வெளியே தொடராகப் போடும் தடை) சேர்த்துப் பயன்படுத்த வேண்டியது. அதை நேரடியாக 12 வோல்ட்டில் இணைத்தால், 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் வரை போகக்கூடும். காயிலும் கொதிக்கும், மாட்யூலும் கொதிக்கும். செம்புக் கம்பியின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ் கூடினால் அதன் தடை கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிவிடுவதால், சூட்டில் தீப்பொறி மேலும் பலவீனமாகும். மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், தீப்பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும், அந்த நேரம் பார்த்துக் காயில் கைவிடுகிறது.

எர்த் முனையை மாற்றிய வண்டியில் காயில் இணைப்பையும் கட்டாயம் பார்க்க வேண்டும். எதிர்முனை எர்த்தில், சாவியிலிருந்து வரும் வயர் காயிலின் கூட்டல் குறிக்கும், மாட்யூலின் கறுப்பு வயர் கழித்தல் குறிக்கும் போக வேண்டும். காயில் வயர்கள் இடம் மாறியிருந்தாலும் வண்டி ஓடும். ஆனால் பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து கிளம்ப வேண்டிய தீப்பொறி எதிர்ப்பக்கத்திலிருந்து தாவ வேண்டியிருப்பதால் அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். பிளக் வயர்கள் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் கார்பன் வகைக்கு மாற்றுங்கள். செம்பு வயர் கிளப்பும் மின்காந்த இரைச்சல் சில மாட்யூல்களைக் குழப்பிவிடும்.

கேட்டவர்

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. குழாயை உறிஞ்சியவுடன் எஞ்சின் நின்றே போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தால் எர்த் வயர் பிளேட்டோடு சேரும் மூலையில், உறைக்குள்ளே இரண்டு மூன்று இழைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சூடான பிறகு நடு வயரிலேயே வெளிச்சம் விட்டு விட்டு மின்னுகிறது. காயில் 1.5 ஓம் காட்டுகிறது, கையை வைக்க முடியாத சூடு. பாலாஸ்ட் எங்கும் இல்லை. காயிலின் கூட்டல், கழித்தல் இணைப்பு சரியாக உள்ளது. பிளக் வயர்கள் செம்புதான். ஒரு பாலாஸ்ட் தடை வாங்கி இதே காயிலோடு சேர்த்துவிட்டால் போதுமா?

மறுமொழி (கோலாலம்பூர், செத்தாப்பாக்)

போதும்தான், ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். பாலாஸ்ட் என்பது சூடாகவே இருக்கும் இன்னொரு பொருள், இணைப்புகளும் கூடும். 3 ஓம் காயிலே போட்டுவிடுங்கள். மாட்யூலின் சிவப்பு வயர் காயிலின் கூட்டல் முனையிலேயே இருக்கட்டும். புதிய காயில் போட்ட பின், எஞ்சின் ஓடும்போது அந்த முனையில் எத்தனை வோல்ட், பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று அளந்து ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழைய சாவி ஸ்விட்ச் தின்கிறது என்று பொருள்; பேட்டரியிலிருந்து நேராகக் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

மறுமொழி (பட்டர்வொர்த்)

என்னைக் கேட்டால் பாயிண்டே போதும் என்பேன். 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, அவ்வப்போது ஒரு சொட்டு கிரீஸ் தடவினால் அதன் பாட்டில் ஓடும். நடுவழியில் நின்றாலும் சாலையோரத்திலேயே சரி செய்யலாம். ஆனால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், உங்களுக்கு மாட்யூல் நல்லதாகவும் இருக்கலாம். ரோட்டரையும் பாருங்கள். நடுவில் ஆணி அடித்துப் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் மலிவு ரோட்டர்களில், அந்த ஆணி வழியாகத் தீப்பொறி ஷாஃப்டுக்கு இறங்கிவிடுவது நான் பலமுறை பார்த்தது.

கேட்டவர்

எர்த் வயரைப் புதிதாக, பிளேட் நகர இடம் விட்டு, வளையும் மெல்லிய இழை வயரில் போட்டேன். நெரிசலில் வந்த குலுக்கல் அன்றே போய்விட்டது. மேட்டில் மிஸ் மட்டும் அப்படியே இருந்தது, ஐயா இரண்டையும் பிரித்துச் சொன்னது போலவே. பிறகு 3 ஓம் காயிலும் கார்பன் வயரும் மாற்றியதும் பாயா தெருபோங்கிலிருந்து மேலே வரை ஒரு மிஸ்கூட இல்லை. வோல்ட் வித்தியாசம் 0.4 தான். ஐடிலில் மட்டும் எஞ்சின் சற்றே முரட்டுத்தனமாக ஓடுகிறது.

மறுமொழி (பட்டர்வொர்த்)

அது டைமிங். மாட்யூல் தூண்டும் நேரம் பாயிண்ட் திறக்கும் நேரத்தோடு அப்படியே பொருந்தாது, பட்டறையில் பழைய இடத்திலேயே விட்டிருப்பார்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, முதல் சிலிண்டர் வயரில் டைமிங் லைட்டை மாட்டி, ஐடிலில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வையுங்கள். மேட்டில் மிதிக்கும்போது நாக்கிங் சத்தம் (எஞ்சினுக்குள் தட்டுவது போன்ற ஒலி) கேட்டால் ஓரிரு பாகை பின்னுக்கு இழுத்துவிடுங்கள். கழற்றிய பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள், தம்பி.