மறு: ஹசார்ட், ரிஸ்க் இரண்டுக்கும் 'அபாயம்' போதுமா?

அன்புள்ள நண்பர்களே,

> 'ஃபயர் ஹசார்ட் சிவியாரிட்டி ஜோன்' என்றால் 'காட்டுத்தீ அபாய மண்டலம்'. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கலிபோர்னியா மாநிலத்தின் தீயணைப்புத் துறையான கால்ஃபயர் 2025 பிப்ரவரி 10 முதல் மார்ச் 24 வரை நான்கு கட்டமாக இந்த மண்டலங்களைக் காட்டும் புது வரைபடங்களை உள்ளாட்சிகளுக்கு அனுப்பியது. எங்கள் ஊருக்கும் வந்தது. பக்கத்துத் தெருவில் மகனோடு இருக்கும் திருச்சிக்காரப் பெரியவருக்காக நகர்மன்ற அறிவிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "போன வருஷம்தான் கூரையை மாற்றினோம். பரண் காற்றுத்துளைக்கெல்லாம் எட்டில் ஒரு அங்குலக் கம்பிவலை அடித்தாயிற்று. அப்புறமும் என் வீடு அபாயம் என்று எப்படிப் போடலாம்?"

கேள்வி நியாயம்தான், பிழை என் சொல்லில். அந்த வரைபடம் அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. மலைச்சரிவு, செடிகொடி, காற்று, வெக்கை, கங்கு எவ்வளவு தூரம் பறந்து வந்து விழும் என்பதை எல்லாம் வைத்து, அடுத்த 30 முதல் 50 ஆண்டுகளில் அந்த நிலத்தில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடுகிறது. அதுதான் ஹசார்ட். கூரையும் கம்பிவலையும் குறைப்பது ரிஸ்க்கை, அதாவது வீடு எரிந்துபோகும் வாய்ப்பை. இரண்டுக்கும் 'அபாயம்' என்றே போட்டால் பெரியவர் கோபப்படத்தான் செய்வார்.

என் பரிந்துரை: ஹசார்ட் = இடர், ரிஸ்க் = இழப்புவாய்ப்பு. வங்கிக்காரர்கள் ரிஸ்க்கை 'இடர்' என்று எழுதுவது தெரியும். ஆனால் டிசாஸ்டருக்குப் 'பேரிடர்' என்பது ஊறிப்போன சொல். இடர் ஊருக்குள் வந்து ஆளையும் வீட்டையும் அடித்தால் அது பேரிடர். அந்த வரிசையை நாமே ஏன் கலைக்க வேண்டும்?

அப்படியானால் முழுப்பெயர் 'தீயிடர்க் கடுமை வலயம்', புழக்கத்துக்குத் 'தீயிடர் வலயம்'. 'காட்டு' என்பதை வேண்டுமென்றே விட்டேன். கலிபோர்னியாவில் எரிவதில் பெரும்பகுதி நாம் காடு என்று நினைப்பதே அல்ல, புதரும் காய்ந்த புல்லும்தான். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஆல்டடீனாவில் வீட்டுக்கு வீடு தீ தாவியபோது வீடுகளே விறகாயின. 'வலயம்' இலங்கை நண்பர்களுக்குப் பழக்கமான சொல். 'மண்டலம்' என்றால் எனக்கு மின்வாரிய அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது.

> நிலைகளுக்கு மிதம், கடுமை, மிகக் கடுமை என்று வைக்கலாம்.

'கடுமை' ஏற்கெனவே பெயரில் வந்துவிட்டது. மிதம், உயர், மிக உயர் என்று வைப்போம். வரைபடத்தில் இவற்றின் நிறம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 'மிதம்' கொஞ்சம் உறுத்துகிறது, 'மிதமான சூடு' மாதிரி இதமாக ஒலிக்கிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். நிறமே இல்லாத இடத்துக்குப் 'பாதுகாப்பான பகுதி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், 'வகைப்படுத்தாத பகுதி' என்பதே சரி. சான்டா ரோசா நகரின் காஃபி பார்க் குடியிருப்பு பழைய வரைபடத்தில் வலயத்துக்கு வெளியேதான் இருந்தது. 2017இல் 'டப்ஸ்' என்று பெயரிடப்பட்ட தீ 101ஆம் நெடுஞ்சாலையைத் தாண்டி வந்து அதை எரித்தது.

> 'அடாப்ட் பை ஆர்டினன்ஸ்' = அவசரச் சட்டத்தால் ஏற்றல்.

இது ஆகவே ஆகாது. தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் என்றால் சட்டமன்றம் கூடாதபோது ஆளுநர் பிறப்பிப்பது. இங்கே நகர்மன்றமோ கவுண்டி மன்றமோ கூடி, மக்கள் கருத்தைக் கேட்டு, சாவகாசமாக நிறைவேற்றுவது. திடக்கழிவுக்கு நம் நகராட்சிகள் போடும் 'துணைவிதி' இதற்கு நெருக்கம். இலங்கையின் 'கட்டளைச் சட்டம்' அழகுதான், ஆனால் ஊர்மன்றத்துக்குக் கொஞ்சம் பெரிய சட்டை. (கலிபோர்னியாவில் நிஜமாகவே 'அர்ஜென்சி ஆர்டினன்ஸ்' என்று ஒன்று உண்டு. 'அவசரச் சட்ட'த்தை நாம் இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு எங்கே போவது?)

'ஏற்றல்' என்பதிலும் சிக்கல் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருப்பதுபோல் தொனிக்கிறது. வரைபடம் கைக்கு வந்து 30 நாளுக்குள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், 120 நாளுக்குள் துணைவிதி போட வேண்டும். மன்றம் வலயத்தை விரிக்கலாம், நிலையை உயர்த்தலாம். குறைக்க முடியாது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் 'எங்கள் தெருவை எடுத்துவிடுங்கள்' என்றுதான் கேட்டார்கள், மன்றத்தார் கையை விரித்தார்கள். அதனால் 'துணைவிதியால் அறிவித்தல்' என்பேன்.

புதுச்சொல்லைப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நிலத்துக்கு இடர், வீட்டுக்கு இழப்புவாய்ப்பு. சரி, புரிகிறது. இன்சூரன்ஸ்காரன் எதைப் பார்ப்பான்?" என்றார். அவர்கள் தனியே ரிஸ்க் கணக்குப் போடுகிறவர்கள் என்றேன். திருப்தியில்லாமல் போனார்.

ஒரு சந்தேகம் பாக்கி. தீயிடரைத் 'தீய இடர்' என்று யாராவது படித்துவிடுவார்களா? புணர்ச்சி இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தமிழ் அறிவிப்பின் இறுதிப்படியை நகர்மன்ற எழுத்தரிடம் கொடுக்க வேண்டும்.