நீண்ட இழுப்புக்குக் குட்டையான வேட்டை வில்: நம் அனுபவங்கள்

முதல் பதிவு: ஒன்ராறியோ, கனடா

என் இழுநீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும்போது வில்லிலிருந்து அது பின்வாங்கும் தூரம், 30.5 அங்குலம். ஏழு ஆண்டுகளுக்கு முன் முதல் வேட்டை வில்லை வாங்கியபோது இந்த எண்ணை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும், அதற்கும் வில்லின் நீளத்துக்கும் என்ன உறவு என்று சொல்லித்தர அருகில் ஒருவரும் இல்லை. அதனால் இரண்டு வேட்டைப் பருவங்கள் வீணாயின. ஒரு மானை வீணாகக் காயப்படுத்தாமல் தப்பியது அதைவிடப் பெரிய விஷயம் என்பதால், நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன். நீண்ட கைகளோடு குட்டை வில்லை நாடியவர்கள் தங்கள் அனுபவத்தையும் இங்கே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேட்டைக்குச் செல்லும் இடம், வெள்ளை சீடார் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு சதுப்பு ஓரம். தரையில் முக்காலி போட்டு அமர்ந்து, முன்னால் கிளைகளைச் சாய்த்து, அவற்றின் பின்னால் மறைந்திருப்பேன். அங்கே 66 அங்குல வில்லை நிமிர்த்திப் பிடித்தால் கீழ்முனை முக்காலியிலும் மேல்முனை தலைக்கு மேலுள்ள கிளையிலும் இடிக்கும். ஆகவே ஒருவர் பயன்படுத்தி விற்ற 52 அங்குல ரிகர்வ் வில்லை (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்கினேன். அழகான வில் அது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. 28 அங்குலத்தில் 45 பவுண்டு என்று அதில் எழுதியிருந்தது.

வீட்டின் பின்புறத்தில் எய்து பழகியபோதே ஏதோ சரியில்லை என்பது புரிந்தது. 27 அங்குலம் வரை இதமாக வந்த நாண், 28ஐத் தாண்டியதும் சுவரில் முட்டியதுபோல் நின்றது. பயணப்பெட்டிக்கு எடை பார்க்கும் தொங்கு தராசை நாணில் மாட்டி இழுத்துப் பார்த்தேன்: 28இலிருந்து 29க்குப் போக நாலரைப் பவுண்டும், 29இலிருந்து 30க்குப் போக ஆறு பவுண்டும் ஏறின. விசை கூடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாண் என் விரல்களைச் சுற்றிக் கூர்மையாக மடிந்ததால் ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் நடுவிரலை நோக்கி நெருக்கப்பட்டு, இடையில் இருந்த அம்பின் வாலைக் கிள்ளிப் பிடித்தன என்பதே உண்மையான தொல்லை. வால் கிள்ளப்பட்டால் அம்பின் முன்பகுதி அது தங்கும் விளிம்பை விட்டு எழும்பும். பயிற்சியில் பத்துக்கு இரண்டு முறை அப்படி நடந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. நவம்பர் மாதத்துக் காலை ஒன்றில், இடக்காது கிழிந்த வெள்ளைவால் பெண்மான் ஒன்று என் முன்னால் 14 தப்படி தொலைவில் பக்கவாட்டில் நின்று சீடார்க் கொழுந்தை மென்றுகொண்டிருந்தது. அதைவிட நல்ல வாய்ப்பை யாரும் கேட்க முடியாது. குளிரில் விறைத்த விரல்களால் நாணை இழுத்தேன். தாடைக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே கை நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளி இழுத்தபோது அம்பு எழும்பி வில்லின் மரத்தில் 'டக்' என்று தட்டியது. மெல்லுவதை நிறுத்தி மான் என்னை நோக்கித் திரும்பியது. தோள் நடுங்க நடுங்க நாணை மெதுவாக இறக்கினேன். அந்த நிலையில் விட்டிருந்தால் அம்பு நெஞ்சுக்குப் போயிருக்காது, வயிற்றுக்குப் போயிருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன். அந்த மான் காட்டுக்குள் நடந்து போனதில் எனக்கு வருத்தமில்லை.

அன்று மாலையிலிருந்து காரணத்தைத் தேடத் தொடங்கினேன். வில்லின் முனையை நாண் எந்தக் கோணத்தில் இழுக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இழுக்க இழுக்க அந்தக் கோணம் விரிகிறது. அது செங்கோணத்தை நெருங்கும்போது, வளைந்துகொடுக்க வேண்டிய லிம்புகள், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள வில்லின் கைகள், நெம்புகோலின் உதவியை இழந்து, ஒவ்வொரு அங்குலத்துக்கும் முன்னைவிட அதிக விசை கேட்கின்றன. இங்குள்ளவர்கள் இதை ஸ்டாக்கிங் என்பார்கள். லிம்பு குட்டையாக இருந்தால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். நான் பல மாதங்கள் கழித்துப் புரிந்துகொண்டது இதுதான்: வில்லின் மொத்த நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவது தவறு, அதில் எவ்வளவு பகுதி வளைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நடுவில் பிடியோடு இருக்கும் ரைசர் என்ற பகுதி வளைவதில்லை. 60 அங்குல வில்லில் ரைசர் 20 அங்குலம் என்றால் லிம்புகளுக்கு மிஞ்சுவது 40. 62 அங்குல வில்லில் ரைசர் 17 என்றால் மிஞ்சுவது 45. மொத்தத்தில் இரண்டே அங்குலம் கூடுகிறது, வளையும் பகுதியிலோ ஐந்து கூடுகிறது.

ஆகவே ஐ.எல்.எஃப். முறைக்கு மாறினேன். எந்த நிறுவனத்தின் லிம்பையும் எந்த நிறுவனத்தின் ரைசரிலும் பொருத்த வழிசெய்யும் பொது அளவுமுறை இது. 25 அங்குல ரைசரில் நீள லிம்பு பூட்டினால் 70 அங்குல வில் கிடைக்கும். அதே லிம்பை 17 அங்குல ரைசரில் பூட்டினால் 62 அங்குலம். குட்டை ரைசர், நீள லிம்பு என்ற இந்தச் சேர்க்கையே என் இழுப்புக்குப் பொருந்தியது. தொங்கு தராசை மீண்டும் மாட்டிப் பார்த்தபோது 28க்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டரைப் பவுண்டுதான் ஏறியது; நாணும் மூக்கின் நுனியைத் தொட்டது. இதைச் சிறிய விஷயம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடம்வரை இழுத்திருக்கிறோமா என்று இருட்டிலும் குளிரிலும் சொல்லும் இரண்டாவது சாட்சி அந்தத் தொடுகை; 52 அங்குல வில்லில் நாண் முகத்தை விட்டு விலகிச் சாய்ந்ததால் அது எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஒன்ராறியோவில் வேட்டையாடுபவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் இருக்கிறது. மான் வேட்டைக்கான வில், 700 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான இழுப்பிலேயே 18 கிலோ விசை தர வேண்டும். மூஸ் எனும் பெரிய மான், கரடி என்றால் 22 கிலோ. 700 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 27.6 அங்குலம். நாம் 30 அங்குலம் இழுப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பவுண்டுகள் சட்டத்தின் கணக்கில் சேரா.

இரண்டாம் பதிவு: மிச்சிகன், அமெரிக்கா

நண்பர் சொன்ன வடிவக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குட்டை வில் தேவைதானா என்ற கேள்வியை நான் அதற்கும் முன்னால் வைப்பேன், ஏனெனில் அந்தத் தேவை எனக்கு இருந்ததாக நான் நம்பிய காலத்தில் ஒரு வில் என் கையிலேயே பிளந்தது.

கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் எய்த நாட்களில் என் இழுநீளம் 31 அங்குலம் என்று ஒரு கடையில் அளந்து சொன்னார்கள். அந்த எண்ணோடு மரபு வில்லுக்கு வந்து, 54 அங்குல வில் ஒன்றை வாங்கினேன். அதைச் செய்தவர் 28 அங்குலத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறியிருந்தார். குற்றம் முழுவதும் என்னுடையது. மூன்றாம் மாதத்தில், முழு இழுப்பில் இருந்தபோது, மேல் லிம்பின் கண்ணாடியிழைப் படலம் மரத்தை விட்டு உரிந்தது. முதலில் காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். அடுத்த கணம் நாண் என் முன்கையில் விளாறியது. கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை என்பதே நான் பெற்ற பேறு. குட்டை வில் வாங்கும் எவரும், விலையைக் கேட்பதற்கு முன், எத்தனை அங்குலம் வரை இழுக்கலாம் என்று அதைச் செய்தவரிடம் கேட்டுவிட வேண்டும்.

அதன் பிறகு விரலால் நாணைப் பிடித்து, முழங்கையைச் சற்றே மடித்து, வேட்டையில் எப்படிக் குனிந்து நிற்பேனோ அப்படியே நின்று, மெல்லிய வில் ஒன்றில் நீண்ட அம்பைப் பூட்டி இழுத்து, அருகில் நின்ற ஒருவரை அம்பில் கோடு போடச் சொன்னேன். 29.25 அங்குலம் வந்தது. வில் உற்பத்தியாளர்களின் ஏ.எம்.ஓ. அளவுமுறையில், பிடியின் ஆழமான புள்ளியிலிருந்து நாண் வரையுள்ள தூரத்தோடு 1.75 அங்குலம் கூட்டிச் சொல்வார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தக் கூட்டலைச் செய்யாதவரும் செய்தவரும் பேசிக்கொண்டால் இரண்டு அங்குலக் குழப்பம் வரும்.

இன்று 64 அங்குல லாங்போ (முனை வளைவு இல்லாத நீள வில்) வைத்திருக்கிறேன். இடம் போதாதபோது வில்லைச் சாய்த்துப் பிடிக்கிறேன், அவ்வளவுதான். ஒரு முழங்காலை ஊன்றி, வில்லைக் கடிகார முள் இரண்டு மணி காட்டும் அளவுக்குச் சாய்த்தால், கீழ்முனை தரையை விட்டு விலகி, உடலின் இடப்பக்கமாக உயர்ந்துவிடும். பரண் மேலிருந்து எய்யும்போதும் இதுவே உதவுகிறது. மேலும், முழு இழுப்பில் லிம்புகள் உள்வாங்கிக்கொள்வதால் 64 அங்குல வில் அந்த நேரத்தில் 64 அங்குல இடத்தை அடைப்பதில்லை. வில் வேட்டையைப் பரப்பிய ஃபிரெட் பேரின் வில் நிறுவனம் எங்கள் மாநிலத்தின் கிரேலிங் ஊரிலிருந்து இயங்கிய 1960களில் 48 அங்குல வேட்டை வில்லையே விற்றது. அளவான இழுப்பு உள்ளவர்களுக்கு அது நன்றாகப் பயன்பட்டது. நீண்ட கைகள் கொண்ட நாம் அந்தக் கால வேட்டைப் படங்களைப் பார்த்து மயங்கக் கூடாது.

மூன்றாம் பதிவு: லண்டன்

பிரித்தானியாவில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், காட்டுப் பாதைகளில் வைத்திருக்கும், நுரையால் செய்த விலங்கு உருவங்களை எய்வதோடு என் அனுபவம் முடிகிறது. 58 அங்குல வில்லில் 29.5 அங்குலம் இழுக்கும்போது எனக்கும் விரல் நெருக்கடி இருந்தது. அம்புக்கு மேல் ஒரு விரல், கீழ் இரு விரல் என்ற பிடியை விட்டு, மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைக்கத் தொடங்கியதும் வால் கிள்ளப்படுவது நின்றது. மோதிர விரலின் வலி மட்டும் நிற்கவில்லை.

நான்காம் பதிவு: விக்டோரியா, ஆஸ்திரேலியா

இலங்கையில் மரை என்றும் தமிழ்நாட்டில் கடமான் என்றும் நாம் அழைக்கும் அதே விலங்கு, 1860களில் கப்பலில் கொண்டுவரப்பட்டு, இன்று இந்த மாநிலத்தின் மலைக்காடுகளில் பெருகியிருக்கிறது. அதை உரிமத்தோடு வில்லால் வேட்டையாடலாம். ஓடைகளில் மரப்பெரணிகளுக்கு இடையே குனிந்து நகர வேண்டியிருப்பதால் நீண்ட வில் ஓயாமல் சிக்குகிறது. என் இழுப்போ 32 அங்குலம்.

நான் தேடிப் போன விடை கிழக்கிலிருந்து வந்தது. கொரியர்களின் கொம்பு வில்லான காக்குங் நான்கடியை ஒட்டிய நீளமுடையது. எருமைக் கொம்பு, மூங்கில், தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்யப்படும் அதை, நாண் காதைத் தாண்டும்வரை இழுத்து 145 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை எய்கிறார்கள். இது எப்படி இயல்கிறது என்று பார்த்தால் இரண்டு காரணங்கள் புலப்படுகின்றன. கொம்பும் தசைநாரும் மரம் தாங்காத வளைவைத் தாங்குகின்றன. அவர்கள் நாணை மூன்று விரல்களால் இழுப்பதில்லை, வளையம் அணிந்த கட்டைவிரல் ஒன்றாலேயே இழுக்கிறார்கள். நாண் எவ்வளவு கூர்மையாக மடிந்தாலும் நெருக்குவதற்கு அங்கே வேறு விரல்கள் இல்லை. துருக்கிய, ஹங்கேரிய வடிவ விற்களில் முனையில் வளையாத துண்டு ஒன்று நீட்டி நிற்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்: அது நெம்புகோலாக நின்று நாணின் கோணத்தைக் காப்பாற்றுகிறது.

கண்ணாடியிழையால் செய்த அத்தகைய 53 அங்குல வில்லை, 33 அங்குலம் வரை இழுக்கலாம் என்ற உறுதிமொழியோடு வாங்கினேன். இழுப்பு பட்டுபோல் வந்தது. ஆனால் நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அந்த வில்லில் அம்புக்கென்று விளிம்பு கிடையாது. அம்பு வில்லைப் பிடித்த கையின் மேலேயே தங்குகிறது. முதல் வாரத்தில் இறகின் காம்பு ஒன்று தோலில் ஏறி முறிந்தது. அதிலிருந்து இறகின் முன்நுனியை நூலால் சுற்றிப் பசையிட்டு மூடாமல் எந்த அம்பையும் எய்வதில்லை. கட்டைவிரல் இழுப்பை மானின் முன் நம்பும் அளவுக்குக் கற்க 14 மாதங்கள் ஆயின. அதுவரை ஒரு கடமானையும் நோக்கி நாண் இழுக்கவில்லை. இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு ஒன்ராறியோ நண்பரின் வழியே நல்லது.

ஐந்தாம் பதிவு: ஒன்ராறியோ, கனடா

கடமானைப் பற்றிய பதிவை இருமுறை படித்தேன். மிச்சிகன் நண்பர் சொன்ன சாய்ப்பை இந்த வாரமே முக்காலியில் அமர்ந்து பழகிப் பார்க்கிறேன்.

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். ஐ.எல்.எஃப். லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு பெரும்பாலும் 25 அங்குல ரைசரில் அளந்தது. 17 அங்குல ரைசரில் பூட்டும்போது அது சில பவுண்டுகள் கூடும். அதனால் உங்கள் 30 அங்குல இழுப்புக்கு 45 பவுண்டு லிம்பை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கியது 36. இப்போது என் தாடையருகே தராசு காட்டுவது அதைவிடப் பத்துப் பவுண்டுக்கும் மேல். ரைசரின் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தி இரண்டு பவுண்டு குறைத்த பிறகு, 27.6 அங்குலத்தில் 18 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடவில்லையா என்று தராசில் மீண்டும் பார்த்துக்கொண்டேன்.