பலூன் சோதனையில் கூலூம் விதி ஒத்துவரவில்லை, எங்கே தப்பு?

கோத்தகிரி அம்மா:
மகள் பன்னிரண்டாவது. இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல். மின்னூட்டம் ஏறிய இரண்டு பொருளுக்கு நடுவே உள்ள விசை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்ற கூலூம் விதியை ஒப்பித்துவிட்டாள், ஆனால் நிஜமாகவே அப்படித்தானா என்று பார்க்கணும் என்று இரண்டு பெரிய பலூனை ஊதி ஸ்வெட்டரில் தேய்த்து, ஒன்றை அறை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு (முடிச்சிலிருந்து பலூனின் நடுவரை 60 செ.மீ.), இன்னொன்றைக் குச்சியில் ஒட்டிப் பக்கத்தில் கொண்டுபோனாள். இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி இருந்தபோது தொங்கியது 8 செ.மீ. விலகி நின்றது. இடைவெளி 10 ஆனால் விசை நாலில் ஒரு பங்கு, அப்படியென்றால் 2 செ.மீ.தானே விலகணும்? 6 செ.மீ. விலகுகிறது! மூன்று தரம் செய்தாயிற்று. அப்புறம், ஐப்பசி மழையில் இதே சோதனையில் பலூன் அசையவே இல்லை, இப்போது ஜனவரியில்தான் வேலை செய்கிறது. அது ஏன்?

ஊட்டிக் குளிர்:
இரண்டிலும் ஒரே அளவு மின்னூட்டம் ஏறியிருக்காதுங்க. அதிகம் ஏறியது மற்றதை அதிகமாகத் தள்ளும், அதனால்தான் கணக்கு இடிக்குது.

குன்னூர் வாத்தியார்:
தம்பி, அது தப்பு. விசை இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கலைப் பொறுத்தது, அதனால் இது அதைத் தள்ளும் விசையும் அது இதைத் தள்ளும் விசையும் எப்போதும் சமம். ஒன்றை மட்டும் இரட்டிப்பாக்கினால் இரண்டு பேர் மேலும் விசை இரட்டிப்பாகும், இரண்டையும் இரட்டிப்பாக்கினால் நாலு மடங்கு.

அம்மா, பலூன் எத்தனை அகலம்? சுமார் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். மின்னூட்டம் பலூன் மேல் ஓரளவு சீராகப் பரவியிருந்தால் தூரத்தை நடுவிலிருந்து நடுவுக்குத்தான் அளக்கணும், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இல்லை. அப்போது உங்கள் 5 என்பது 30, உங்கள் 10 என்பது 35. தூரம் இரட்டிப்பாகவே இல்லை! 30-ஐ 35-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.73. எட்டில் அந்தப் பங்கு கிட்டத்தட்ட 6 செ.மீ. பெண் அளந்தது சரி, புத்தகமும் சரி. ஓரத்துக்கு ஓரம் 35 செ.மீ. வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பலூன் எடை 3 கிராம் என்றும் இரண்டிலும் சம மின்னூட்டம் என்றும் கொண்டால், 8 செ.மீ. விலகலுக்கு விசை சுமார் 0.004 நியூட்டன், ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் 0.2 மைக்ரோகூலூம் (கூலூம் என்பது மின்னூட்டத்தின் அலகும்கூட, மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஸ்வெட்டரிலிருந்து ஒன்றேகால் லட்சம் கோடி எலக்ட்ரான் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் ஒரு கூலூமில் இது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்குதான். ஒரு கூலூம் வீதம் இரண்டை ஒரு மீட்டரில் வைத்தால் 900 கோடி நியூட்டன், அதைத் தாங்க எந்த நூலும் கிடையாது.

மழைக்காலத்தில் ரப்பர் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும், அது வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். 1785-ல் முறுக்குத் தராசு (மெல்லிய கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்த்து விசையை அளக்கும் கருவி) வைத்து அளந்த விஞ்ஞானி கூலூமுக்கே இந்தக் கசிவு பெரிய தொல்லைதான், எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று அதைத் தனியாகவே ஆராய்ந்தார்.

கொடைக் காரட்:
ஏன் இருமடி என்று யாரும் சொல்லலையே. எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது நாசிலிலிருந்து ஒரு அடியில் படுகிற வட்டம் இரண்டு அடியில் குறுக்கே இரண்டு மடங்கு, பரப்பில் நாலு மடங்கு. மருந்து அதேதான், இலைக்குக் கிடைப்பது கால்வாசி. எல்லாப் பக்கமும் பரவுகிற எதுவும் இப்படித்தான் மெலியும். ஆனால் ஒன்று, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் விசை கால்வாசியாகக் குறையுமே தவிர எத்தனை தூரம் போனாலும் சுத்தமாக நிற்காது.

கோத்தகிரி அம்மா:
வாத்தியார் ஐயா, டேப் வைத்தே அளந்தோம், பலூன் 25-தான்! ஓரத்துக்கு ஓரம் 35 வைத்ததும் விலகல் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. இன்னொரு தரம் பார்க்கலாம் என்று தேய்த்தாள், அதற்குள் மேகம் இறங்கி ஜன்னல் வழியே உள்ளே வந்துவிட்டது, பலூன் அசையவில்லை.