சோலார் காரின் 70 கிலோமீட்டர் கணக்கு சரிதானா? உதவுங்கள்

நண்பர்களே, சோலார் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். நெதர்லாந்தின் லைட்இயர் 0 கார், வெயிலை மட்டும் வைத்தே நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடும் என்றார்கள். பேனல் பரப்பு 5 சதுர மீட்டர். உச்சி வெயிலில் சுமார் 1 கிலோவாட். நூறு கிலோமீட்டருக்கு 10 யூனிட்தான் செலவு என்று தாராளமாக வைத்தாலும், எழுபதுக்கு 7 யூனிட் வேண்டும். அதாவது 7 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமமான ஒளி! ஸ்பெயின் கோடையில் சரி, ஆம்ஸ்டர்டாம் டிசம்பரில்? (விலை 2,50,000 யூரோவாக இருந்தது. 2023 ஜனவரியில் உற்பத்தி நிறுவனமே திவால்.)

நெதர்லாந்தில் வீட்டுக்கு சோலார் போட்டிருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு கிலோவாட்டுக்கு ஜூனிலும் டிசம்பரிலும் தினம் எத்தனை யூனிட் வருகிறது? சாய்க்காமல் படுக்கையாக வைத்த பேனல் என்றால் இன்னும் நல்லது, கார் கூரை அப்படித்தானே.