ரிப்போர்ட் கார்டில் 'மிஸ்சிவஸ்' போடலாமா?

மஞ்சக்குப்பம்_டீச்சர்:
மூன்றாம் வகுப்புப் பையன். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை ஒளித்து வைப்பான், கேட்டால் சிரிப்பான். அடிதடி கிடையாது. 'மிஸ்சிவஸ்' என்று எழுதலாம் என்றிருந்தேன். சக ஆசிரியையோ, "அது போலீஸ் கேஸ்ல வர்ற வார்த்தை, 'நாட்டி'ன்னு போடுங்க" என்கிறார். எது சரி? உச்சரிப்பும் சொல்லுங்களேன்.

கெடிலக்கரை:
தாராளமாகப் போடலாம். மூன்றே அசை: மிஸ்-சி-வஸ், அழுத்தம் முதல் அசையில். 'மிஸ்சீவியஸ்' என்று நீட்டுவது ஆங்கிலேயர்களே செய்கிற பிழை. அந்தச் சொல்லில் 'வி' எழுத்துக்குப் பின் நேரே ஓ-யூ-எஸ்தான், நடுவில் 'ஐ' இல்லை.

பொருளுக்கு, குறும்பு, சேட்டை என்பதைவிட 'விஷமம்' நெருக்கம். பிள்ளை விஷமம் செய்தால் சிரிக்கிறோம். 'வைக்கோல் போருக்கு விஷமிகள் தீ வைப்பு' என்று பேப்பரில் வந்தால் அது குற்றம். மிஸ்சிவஸின் பெயர்ச்சொல்லான 'மிஸ்சிஃப்'பும் இப்படி இரண்டு பக்கமும் போகும். பழைய பிரெஞ்சில் 'கேடாக முடிவது' என்ற வினையிலிருந்து வந்தது. 1300 வாக்கில் ஆங்கிலத்தில் அதற்குத் துன்பம், கேடு என்றே பொருள். விளையாட்டுத்தனம் பல நூற்றாண்டு கழித்து ஒட்டிக்கொண்டது. நம் குறும்பும் அப்படியொன்றும் சாதுவல்ல. குறள் 735-இல் 'வேந்தலைக்கும் கொல்குறும்பு' என்றால் அரசனையே அலைக்கழிக்கும் கொலைகாரக் குறுநிலத்தார்!

'நாட்டி' குழந்தைக்குச் சரி. பெரியவர்களுக்குப் போட்டால் சில்மிஷ வாடை அடிக்கும், கவனம்.

கோர்ட்_வாசல்:
சக ஆசிரியை சொன்னது பாதி சரி. இந்திய தண்டனைச் சட்டத்தில் 425-ஆம் பிரிவாக இருந்த 'மிஸ்சிஃப்', 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 324-ஆம் பிரிவு. நஷ்டம் வரட்டும் என்றோ, வரும் என்று தெரிந்தோ சொத்தை அழிப்பது அல்லது அதன் மதிப்பைக் குறைப்பது. சாதாரணமாக 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சொத்து தன் பெயரிலேயே இருந்தாலும், அதை அழித்து இன்னொருவருக்கு நஷ்டம் உண்டாக்கினால் இதில் வரும். ஒளித்து வைத்த பென்சில் வராது.

மஞ்சக்குப்பம்_டீச்சர்:
நன்றி. அப்போது 'ஹி டஸ் மிஸ்சிஃப்' என்று எழுதலாமா?

கெடிலக்கரை:
வேண்டாம். 'டூ' சேர்ந்தால் தீங்கு செய்கிற வாடை வரும். விளையாட்டுக்கு 'கெட்ஸ் அப் டு மிஸ்சிஃப்'. 'மேக்ஸ் மிஸ்சிஃப்' என்றால் இருவருக்கிடையே சிண்டு முடிகிறான் என்று அர்த்தமாகிவிடும். 'எ மிஸ்சிஃப்', 'மிஸ்சிஃப்ஸ்' இரண்டும் இந்தப் பொருளில் வராது. எண்ண வேண்டுமென்றால் 'எ பிட் ஆஃப் மிஸ்சிஃப்'.

ஒரே சொல்லோடு விடாதீர்கள். 'மிஸ்சிவஸ்' என்று போட்டு, பக்கத்திலேயே 'ஹைட்ஸ் கிளாஸ்மேட்ஸ் பென்சில்ஸ்' என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பையன் என்ன செய்தானோ என்று அம்மா மறுநாளே ஸ்கூலுக்கு ஓடி வருவார்.

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மிஸ்சிவஸுக்கு அகராதியைப் பார்த்து 'மேஷான்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பொல்லாதவன், கொடூரமானவன். குறும்புக்காரனுக்கு 'எஸ்பியேக்ல்' என்று வேறு சொல் இருக்கிறது. ஜெர்மன் நாட்டுப்புறக் கோமாளி டில் ஆய்லன்ஷ்பீகல் பெயரிலிருந்து வந்தது.