கமர்ஷியல் பில்டிங் லோனை வேற பேங்குக்கு மாத்தலாமா? முன்கூட்டியே முடிக்கறதுக்கு 4% ஃபோர்குளோஷர் சார்ஜ் கேக்குறாங்க

திருப்பூர்க்காரன்:
வணக்கங்க. கீழ ரெண்டு கடை வாடகைக்கு, மேல நம்ம செக்கிங் பேக்கிங் யூனிட், இந்த பில்டிங்க வெச்சு 2022 ஆரம்பத்துல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில 90 லட்சம் வாங்குனேன், 13.5%, 15 வருஷம், ஃப்ளோட்டிங் (ரேட் ஏறி எறங்கற வகை). மாசம் 1,16,850 கட்டுறேன். நாலு வருஷத்துல ஒரு செக் கூட பவுன்ஸ் இல்ல, போன வாரம் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தா இன்னும் 80 லட்சம் நிக்குது, அன்னிக்கு சோறே எறங்கலைங்க. ரெப்போ, அதான் ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டி, குறைஞ்சுதுங்கறாங்க, எனக்கு ஒரு பைசா குறையல. இப்ப ஒரு பேங்க்ல 10.25க்கு எடுத்துக்கறோம், மறுபடி 15 வருஷமா போட்டா டியூ 87 ஆயிரத்துக்கு வந்துரும்ங்கறாங்க. பழைய கம்பெனி 4% கேக்குது. ரிசர்வ் பேங்க் அந்த சார்ஜையே எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டனே?

ஈரோட்டுக் கணக்கு:
மாத்துங்க, ஆனா அந்த 15 வருஷத்துக்கு மட்டும் கையெழுத்து போட்றாதீங்க. இப்ப இருக்கற லோனையே மிச்சம் 132 மாசம் ஓட்டுனா மொத்தம் 154 லட்சம் கட்டுவீங்க. 87,350 வீதம் 180 மாசம் கட்டுனா 157 லட்சம், அதாவது வட்டி மூணே கால் குறைஞ்சும் கூடத்தான் கட்டறீங்க, இதுக்குப் போயி 4% வேற தண்டம். அதே 10.25ஐ 11 வருஷத்துக்கே போடச் சொல்லுங்க, டியூ 1,01,500 பக்கம் வரும், மொத்தம் 134 லட்சம்.

செலவு: 4%ன்னா 3.2 லட்சம், ஜிஎஸ்டி சேத்து 3.78. பிராசஸிங் 1%ன்னு வெச்சா ஜிஎஸ்டியோட 94 ஆயிரம், அப்புறம் எம்ஓடி (பத்திரத்த அடமானமா ஒப்படைச்சதுக்கான ஆவணம்) பதிவு, எல்லாம் சேத்து அஞ்சு லட்சம் பக்கம். டியூல மாசம் 15,350 மிச்சமாகும், அதுல 33 மாசம் பக்கத்துல எடுத்துரலாம்.

சார்ஜ் கூடாதுங்கற ரூல் 2026 ஜனவரி 1லருந்து சாங்ஷன் ஆகற, ரினியூவல் ஆகற ஃப்ளோட்டிங் லோனுக்குத்தான், உங்க பழசு அதுல வராது. புதுசு வரும், அதனால உத்யம் (சிறு தொழில் பதிவு) சர்டிஃபிகேட்ட குடுத்து ஃப்ளோட்டிங்லயே வாங்குங்க. 2025ல ரெப்போ 6.5லருந்து 5.25க்கு எறங்குச்சு, பேங்க்ல சிறு தொழில் ஃப்ளோட்டிங் லோன் ரெப்போ மாதிரி ஒரு வெளி பெஞ்ச்மார்க்கோட கட்டியிருக்கணும், ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்ல, அவங்க வெச்சதுதான் ரேட். போறேன்னு லெட்டர் குடுத்துப் பாருங்க, சிலசமயம் அவங்களே குறைப்பாங்க.

கோவை மணியன்:
டாக்குமெண்ட் 30 நாள்ல தரலைன்னா ஒரு நாளைக்கு 5,000 குடுக்கணும்னு ரூல் இருக்குங்க, விடாதீங்க.

ஈரோட்டுக் கணக்கு:
அண்ணா அது பர்சனல் லோன் வகைக்குத்தான், வீட்டு லோன் மாதிரி. தொழில் லோனுக்கு அதை நம்பி உக்காராதீங்க.

பத்திர ஆபீஸ் வாசல்:
நான் போன வருஷம் மாத்துனவன். பணம் பேங்க்லருந்து நேரா பழைய கம்பெனிக்குப் போயிரும், பத்திரம் வர்ற வரைக்கும் நம்ம கைல ஒண்ணும் இருக்காது, அதனால என்னென்ன ஒரிஜினல் அவங்ககிட்ட இருக்குன்னு லிஸ்ட்ட இப்பவே எழுத்துல வாங்குங்க. எனக்கு தாய்ப்பத்திரம் ஒண்ணு கிடைக்காம ரெண்டு மாசம் அலைஞ்சேன். பழைய எம்ஓடிய ரத்து பண்ற ரசீதும் பதிவாகி வில்லங்கத்துல ஏறணும், நிறைய பேர் இதை மறந்துட்டு அடுத்த தடவ விக்கப் போறப்ப முழிப்பாங்க. ஆமா, மேல் மாடிக்கு பிளான் அப்ரூவல் இருக்குங்களா? இல்லைன்னா பேங்க் வக்கீல்கிட்டயே நின்னுரும்.

திருப்பூர்க்காரன்:
157 லட்சமா, அந்த மேனேஜர் இதை வாயே தொறக்கலைங்க. 11 வருஷத்துக்கே கேக்கறேன். மேல் மாடி... அப்பா காலத்துல கட்டுனது, கீழ மட்டும்தான் பிளான்ல இருக்கும்னு நெனைக்கறேன். நாளைக்கு பீரோவத் தொறந்து பாத்துட்டு வர்றேன்.