பெண் வண்டின் வயிற்றில் இனம் தெரியுமா?

தென்பெண்ணைக்காரன்: வேர்ப்புழு பற்றிய பேச்சில் காரிமங்கலத்து அண்ணன் நேற்று எழுதியது இது: “இனம் பிரிக்க ஆண் உறுப்பு போதும். பெண் வண்டின் உள்ளே இருப்பது வெறும் சதை, காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பெண் வண்டு ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் விந்துப்பை சதையா? மூக்கு நீண்ட கூன்வண்டுகளில் அது கொக்கி மாதிரி வளைந்த கெட்டி ஓடு. காய்ந்த வண்டின் வயிற்றைக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் சுட வைத்தால் சதை கரையும், கொக்கி நிற்கும்.

காரிமங்கலம்: கோடைமழை விழுந்த ராத்திரி வேப்பமரத்தை உலுக்கி இருபது வருடமாக வண்டு பொறுக்குகிறேன். கடலையை அழிக்கிற வேர்ப்புழுவின் தாய் அது. ஆணை அறுத்தால் உடனே இனம் தெரியும். உங்கள் கொக்கி அதில் எங்கே?

தென்பெண்ணைக்காரன்: கூன்வண்டு என்றுதானே எழுதினேன்! மாங்கொட்டைக்குள் இருக்கிறதே, அது கூன்வண்டு இல்லாமல் வேறென்ன? 1847லேயே ஸ்டைன் என்ற ஜெர்மானியர் வண்டுகளின் பெண் உறுப்புகளை ஒப்பிட்டுத் தனிப் புத்தகமே போட்டார். ஷார்ப், மியூர் என்ற இரண்டு பூச்சி ஆய்வாளர்கள் ஆண் உறுப்புகளை ஒப்பிட்டு எழுதியது 1912ல்.

காரிமங்கலம்: பழசு என்றால் சரியாகிவிடுமா? காய்ந்த வண்டில் மிஞ்சாது.

ஓசூர் மாணவி: ஐயா, ‘இனம்’ என்று நீங்கள் இருவரும் சொல்வது சிற்றினமா, குடும்பமா? பெண்ணுக்குள் முட்டை உருவாகும் சினைக்குழலைப் பார்த்தால் பெரும் பிரிவே தெரியும். தரைவண்டுக் கூட்டத்தில் முட்டைக்கு உணவு தரும் ஊட்டச் செல்கள் ஒவ்வொரு முட்டையோடும் கூடவே நகரும். கூன்வண்டு, சாணிவண்டுக் கூட்டத்தில் அவை குழலின் நுனியிலேயே தங்கிவிடும்.

காரிமங்கலம்: அதெல்லாம் அப்புறம், அம்மா. கொக்கி மிஞ்சுமா?

தென்பெண்ணைக்காரன்: மிஞ்சும், மிஞ்சும், மிஞ்சும்! போன வருடம் மாமரத்தைத் துளைத்த புழுவைக் காண்டாமிருக வண்டின் புழு என்று அடித்துச் சொன்னவர்தானே நீங்கள்? எருக்குழியில் வளரும் அந்தக் காண்டாமிருக வண்டுப் புழுவுக்கு ஆறு கால் தெளிவாக இருக்கும். தண்டுத்துளைப்பான் புழுவுக்குக் கால் இருப்பதே தெரியாது. காலைப் பார்க்காதவர் கொக்கியையா பார்க்கப் போகிறார்?

காரிமங்கலம்: அந்தப் படம் மங்கலாக இருந்தது. அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களா? கிருஷ்ணகிரிக்காரருக்கு மாமரம் என்றால் தங்கள் ஊர் மட்டும்தான்.

பாலக்கோடு தோட்டம்: அதைச் சொல்லுங்கள்! 2004 வரை அவர்களும் தர்மபுரி மாவட்டம்தானே? எங்கள் பெங்களூரா காயும் அவர்கள் ஊர் மாங்கூழ் ஆலைக்குத்தான் போகிறது. பெயர் மட்டும் அவர்களுக்கு.

தென்பெண்ணைக்காரன்: மாம்பழப் பேச்சில் நழுவ வேண்டாம். பொட்டாஷில் போட்ட கூன்வண்டு நாலு என் மேசையில் இருக்கிறது. நாலிலும் கொக்கி நிற்கிறது. வெறும் சதை என்று எழுதியதைத் திரும்பப் பெறுங்கள்.

காரிமங்கலம்: வேப்பமரத்து வண்டில் காட்டுங்கள், பேசலாம்.

தென்பெண்ணைக்காரன்: நான் சொன்னது கூன்வண்டு!